ஊர்க்கோழியும் விதைநெல்தான்: வன்னியில் எண்ணப்படாத ஓர் இழப்பு

போரில் இழந்தவற்றைச் சொல்லத் தொடங்கினால் வீடு, வயல், மாடு, உழவு இயந்திரம் என்று பட்டியல் நீளும். ஊர்க்கோழி அந்தப் பட்டியலின் கடைசியில்தான் வரும். பல வேளைகளில் வராமலே போகும். வந்தாலும் 'இத்தனை கோழிகள்' என்ற எண்ணிக்கையோடு முடிந்துவிடும். ஆனால் அங்கு இழக்கப்பட்டது எண்ணிக்கை மட்டுமல்ல.

ஏ-9 வீதியில் புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில் இருக்கிறது கனகராயன்குளம். 1997இல் ஜயசிக்குறு படை நடவடிக்கை இந்த வீதி வழியாகவே வந்தது. 2008இல் இறுதிப்போரும் இந்தப் பகுதியை வெறுமையாக்கியது. குண்டுகள் விழும்போது குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களால் வளவில் மேய்ந்த கோழிகளைப் பிடித்துச் செல்ல முடியாது. 2009 மே மாதம் போர் முடிந்தபோது ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் செட்டிகுளம் மெனிக்பாம் உள்ளிட்ட முகாம்களில் இருந்தார்கள். ஊர் திரும்பியவர்கள் உறவினர் கொடுத்தது, சந்தையில் வாங்கியது, உதவித்திட்டத்தில் கிடைத்தது எனச் சில கோழிகளை வைத்தே மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது.

சில கோழிகளோடு தொடங்குவது ஏன் ஆபத்து? மரபியலில் இதற்கு எளிய கணக்கொன்று உண்டு. ஒரு சேவலும் பத்துப் பேடுகளும் உள்ள மந்தையில் கண்ணுக்குத் தெரிவது 11 கோழிகள். மரபணுப் பல்வகைமையைக் காக்கும் வலுவைப் பார்த்தால் அது நான்கு கோழிகளுக்கும் குறைவு. அடுத்த தலைமுறையில் பாதி மரபணு அந்த ஒரே சேவலிலிருந்து வருவதே காரணம். இரண்டு சேவல், ஒன்பது பேடு என்று வைத்தால் அந்த வலு ஆறரையாக உயர்கிறது.

இந்தப் பல்வகைமையை வன்னியில் வளர்ந்த எவரும் கண்டிருப்பார்கள். கழுத்தில் இறகில்லாத கோழி உடற்சூட்டை எளிதில் வெளியேற்றும். மண்நிறப் பேடு அடை கிடந்தால் பருந்துக்கும் கீரிக்கும் இலகுவில் தெரியாது. நோயெதிர்ப்பும் கோழிக்குக் கோழி வேறுபடும். ஒரு நோய் வந்து மந்தையில் பாதி செத்தாலும் மீதி பிழைப்பது இந்த வேறுபாட்டால்தான்.

'போனால் என்ன, காட்டுக்கோழி இருக்கிறதே' என்று நினைக்கலாம். இலங்கையின் தேசியப் பறவையான காட்டுக்கோழி தனி இனம். இந்நாட்டின் ஊர்க்கோழிகளின் தாய்வழி மரபணுவை ஆராய்ந்து 2009இல் வெளிவந்த ஆய்வு, அவை காட்டுக்கோழியின் தாய்வழியில் வந்தவையல்ல, பல தாய்வழிகளிலிருந்து வந்தவை என்று காட்டியது. வளவில் தொலைந்ததைக் காட்டில் தேடி எடுக்க முடியாது.

போருக்குப் பிந்திய வாழ்வாதார உதவிகள் முட்டைக் கணக்கையே அளவுகோலாக வைத்தால் கலப்பினக் கோழிதான் வெல்லும். அது ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும். ஊர்க்கோழி அதில் கால்பங்கைக்கூட எட்டாது. அன்றாட வருமானம் தேவைப்படும் பெண் தலைமைத்துவக் குடும்பம் கலப்பினத்தைத் தேர்ந்தால் அதில் பிழையில்லை. ஆனால் அந்தக் கோழி அடைகாப்பதில்லை. விலைத்தீவனம் இல்லாமல் அந்த அளவு முட்டையும் வராது. உலகின் வணிகக் கோழி வர்க்கங்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய சில நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. மூதாதைக் கோழிகளில் இருந்த மரபணு வகைகளில் பாதி அல்லது அதற்கும் மேல் வணிகக் கோழி வர்க்கங்களில் இல்லை என்று 2008இல் ஓர் ஆய்வு கணித்தது.

இந்தத் தங்கியிருத்தலின் விலையை அண்மையில் பார்த்தோம். 2021இல் இரசாயன உரத்தடை சோளச் செய்கையைப் பாதித்தது. 2022இல் டொலர் இல்லாமல் தீவனமும் தாய்க்கோழி இறக்குமதியும் நெருக்கடிக்குள்ளாயின. 2023 மார்ச்சில் அரசு இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்தது. கறையான், குப்பை, சிந்திய நெல் என்று பொறுக்கித் தின்னும் ஊர்க்கோழிக்கு டொலர் தேவையில்லை.

இதை ஆய்வுகூடத்தில் உறையவைத்துக் காக்கலாமே என்றால், கோழி முட்டையை உறையவைத்துப் பின்னர் பொரிக்க முடியாது. சேவலின் விந்தை உறையவைக்கலாம். ஆனால் பேடு வழியாக மட்டும் கடத்தப்படும் மரபணுப் பகுதி அதில் இல்லை. உயிரணுக்களைக் கொண்டு காக்கும் புதிய முறைகள் செலவு மிக்கவை. எங்களுக்குக் கைக்கெட்டிய மரபணு வங்கி வளவுதான்.

அதனால் செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. ஒரே சேவலை ஆண்டுக்கணக்காக வைத்திருக்காமல் நெடுங்கேணி, புளியங்குளம் போன்ற அயல் ஊர்களோடு சேவல் மாற்றிக்கொள்ளலாம். புதிதாக வரும் கோழியை இரண்டு வாரமாவது தனியே அடைத்து வைத்தால் நோய் பரவும் ஆபத்துக் குறையும். நன்றாக அடைகாத்துக் குஞ்சைக் காப்பாற்றும் பேட்டைக் கறிக்கு விற்காமல் விட வேண்டும். ஊர்மந்தைகளை அழிக்கும் இராணிக்கெற் நோய்க்கு வெப்பம் தாங்கும் ஐ-2 தடுப்புமருந்து உலகில் பல வறிய கிராமங்களில் கண்சொட்டாக வழங்கப்படுகிறது. அத்தகைய மருந்து இங்கும் வீடு தேடி வர வேண்டும்.

மாகாணக் கால்நடைத் திணைக்களமும் உதவி நிறுவனங்களும் குஞ்சு வழங்குமுன் ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்: இந்த ஊரில் எஞ்சியிருப்பது எந்தக் கோழி? அதை எழுதிவைத்து, அதை வளர்ப்பவரிடமே குஞ்சு வாங்கி அயலவருக்குக் கொடுத்தால் உதவிப் பணமும் ஊருக்குள் நிற்கும், வர்க்கமும் நிற்கும். விதைநெல்லைத் தின்றுவிட்டு அடுத்த போகத்துக்கு நிவாரணம் கேட்கும் நிலைக்கு எங்களை நாங்களே தள்ளக்கூடாது.