இலவச வைத்தியம் எட்டாத படலைகள்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதியால் போனால் கோப்பாய், நீர்வேலி கடந்து புத்தூர் வரும். வெளியூராருக்கு அது நிலாவரைக் கிணற்றாலும் செம்மண் தோட்டங்களாலும் தெரிந்த ஊர். அங்கேதான் புனித லூக்கா மெதடிஸ்த மிஷன் வைத்தியசாலையும் இருக்கிறது. அரச ஆஸ்பத்திரியில் காசு வாங்காமல் வைத்தியம் பார்க்கும் நாட்டில் சமய நிறுவனம் ஒன்றுக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். குடாநாட்டின் மிஷன் வைத்தியம் எந்த இடைவெளியை நிரப்ப வந்தது என்று பார்த்தால் விடை கிடைக்கும்.

1820இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் பணி தொடங்கினார். 1847இல் வந்த சாமுவேல் கிறீன் மானிப்பாயை மையமாக்கி உள்ளூர் இளைஞர்களுக்கு மேலைத்தேய வைத்தியம் படிப்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான். படித்து முடித்த பலர் அரசாங்கச் சம்பளத்தை நாடிப் போய்விட்டார்கள். கிராமத்து நோயாளி இருந்த இடத்திலேயே இருந்தான். 1860களில் கிறீன் தமிழுக்கு மாறினார். வகுப்புக்குப் புத்தகம் இல்லை, கலைச்சொல் இல்லை. இரண்டையும் மாணவர்களோடு உட்கார்ந்து உருவாக்கினார். ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘கெமிஸ்தம்’ ஆகிய நூல்கள் அப்படி வந்தவை. வாந்திபேதி பரவிய நாள்களில் என்ன செய்ய வேண்டும் என்ற துண்டுப் பிரசுரங்களும் தமிழில் வெளிவந்தன. தமிழில் படித்தவர் ஊரில் நின்று வைத்தியம் பார்ப்பார் என்பதே அவருடைய கணக்கு.

அடுத்த தடை பெண்களுக்கு. ஆண் வைத்தியர் தொட்டுப் பார்ப்பதை வீட்டார் விரும்பாத காலம் அது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென்றே மக்லியோட் ஆஸ்பத்திரி எழுந்தது. கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் ஸ்கடரின் பேத்தி ஐடாவுக்கும் இதே அனுபவம். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவம் பார்க்க வரும்படி அவரை அழைத்தார்கள். அவர் வைத்தியம் படித்தவரல்ல. வைத்தியரான தகப்பனை அனுப்புகிறேன் என்றார். ஆண் வரவேண்டாம் என்று மூவருமே மறுத்துவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று தாய்மாரும் இறந்துபோனார்கள். ஐடா வைத்தியம் படித்துவந்து 1900இல் வேலூரில் தொடங்கிய சிறு மருந்தகம்தான் இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.).

இவையெல்லாம் தன்னலமற்ற பணிகள் என்று மட்டும் எழுதினால் பாதி உண்மை மறைந்துவிடும். மிஷனரிகள் மதம் பரப்பவே வந்தார்கள். மருந்தோடு போதனையும் சேர்ந்தே கிடைத்தது. மறுபக்கத்தில், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் 1968இல் சாதியால் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைவுரிமை கேட்டுப் போராட வேண்டியிருந்தது. எந்தச் சமயத்தின் நிறுவனமானாலும் அதன் வாசலில் யார் தடையின்றி ஏறுகிறார், யார் தயங்கி நிற்கிறார் என்பதை வைத்தே அதை அளக்க வேண்டும். கோண்டாவிலில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்குச் சிவபூமி அறக்கட்டளை நடத்தும் பாடசாலை இந்த அளவுகோலில் தேறுகிறது. அங்கே சேரும் பிள்ளைகள் பொதுப் பாடசாலைகள் எளிதில் சேர்த்துக்கொள்ளாதவர்கள்.

இன்றைக்குத் தடைகள் வேறு. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, வீட்டில் தனித்திருக்கும் முதியவருக்குச் சீனி வருத்தமும் பிறெசரும். மாதக் கிளினிக்கில் மருந்து இலவசம். ஆனால் விடியமுன் போய் நம்பர் எடுக்க வேண்டும். அதற்கு ஓட்டோக்காசு வேண்டும், கூடப்போக ஓர் ஆள் வேண்டும். இரண்டும் இல்லாதவர் மருந்தை விட்டுவிடுகிறார். பிறகு காலில் புண்ணோடுதான் வருகிறார். சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரில் தோட்டத்து உரத்தின் நைத்திரேற்று கலப்பது இன்னொரு கவலை. கிணற்று நீரைச் சோதிக்கச் சொல்வது கட்டிலும் மருந்தும் மட்டும் உள்ள ஆஸ்பத்திரியின் வேலையாக யாருக்கும் தெரிவதில்லை. போரும் இடப்பெயர்வும் விட்டுப்போன மனக்காயத்தைப் பற்றி வாய் திறக்கவோ பலருக்கு வெட்கம்.

அரச ஆஸ்பத்திரி செய்வதையே சின்ன அளவில் திரும்பச் செய்வதால் புத்தூர் போன்ற ஊர்களின் சமய வைத்தியசாலைகளுக்குப் பெருமை சேராது. படலை திறந்து உள்ளே போகும் தாதி, வீட்டுக்கே வரும் காயக்கட்டு, மனம் விட்டுப் பேச ஓர் ஆள்: இவைதான் அவற்றால் முடிந்தவை. கோயில் ஐயரோ சேர்ச் போதகரோ சொன்னால் கேட்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. திருவிழாக் கூட்டத்தில் கிணற்று நீர்ச் சோதனை பற்றி ஒலிபெருக்கியில் சொல்லப் பெரிய செலவில்லை.

வடமாகாணச் சுகாதாரத் திணைக்களம் இந்த நிறுவனங்களோடு எழுத்தில் உடன்பாடு செய்து, நோயாளிகளை வீட்டுப் பராமரிப்புக்கு அனுப்பிவைக்கும் ஒழுங்கை உருவாக்க வேண்டும். வெளிநாட்டு உறவுகள் கோபுரத்துக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பங்கைக் கோயில் நிர்வாகங்கள் ஒரு வாகனத்துக்கும் இரண்டு தாதியரின் சம்பளத்துக்கும் ஒதுக்கலாம். அந்த வாகனம் மிஷன் ஆஸ்பத்திரியில் நின்றாலும் பரவாயில்லை. பதிவுப் படிவத்தில் சமயம் கேட்கும் கட்டம் இருக்கக் கூடாது. வரவு செலவுக் கணக்கு ஆண்டுதோறும் வாசிகசாலையில் ஒட்டப்பட வேண்டும்.