டீச்சருக்கும் வீடு இருக்கு

'அபொட் எலிமெண்டரி' பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவர்களில் நாங்களும் அடக்கம். 2021 டிசம்பரில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய தொடர் அது. பிலடெல்பியாவில் காசில்லாத ஒரு அரச பள்ளிக்கூடம், அங்க கனவோட படிப்பிக்கிற ஜெனின் என்ற இளம் டீச்சர். முதல் எபிசோட்டிலேயே, வகுப்புக்கு விரிப்பு இல்லாமல் டீச்சர்மார் அலைய, பள்ளிக்கு வந்த காசில் அதிபர் தன்ட படம் போட்ட பெயர்ப்பலகை செய்து மாட்டிவிடுவார்.

முதல் சீசனின் கடைசியில் ஜெனினின் காதலன் தாரிக் நியூயோர்க் போகிறான். அவள் போகாமல் பள்ளியோடேயே நிற்கிறாள். பார்க்கிற எங்களுக்கு நெஞ்சு நிறையுது. அந்த நிறைவைத்தான் நாங்கள் சந்தேகப்படுகிறோம். தாரிக் அவளுக்குப் பொருத்தமில்லாதவன், சரி. ஆனா ஒரு டீச்சர் நல்லவர் என்று நாங்கள் நம்புறதுக்கு, அவருடைய சொந்த வாழ்க்கையில் எதையாவது கழிக்கத்தான் வேணுமா?

எங்கட நாட்டில் அந்தக் கழித்தலுக்குப் பெயர் 'அர்ப்பணிப்பு'. ஒக்டோபர் 6 வந்தால் பூச்செண்டு, பாட்டு, 'எழுத்தறிவித்தவன் இறைவன்'. இறைவனுக்குப் பசிக்காது, வீட்டு வாடகை வராது, பிள்ளைக்குக் காய்ச்சலும் வராது. அதனால்தான் அந்தப் பட்டம் எல்லாருக்கும் வசதி.

2021 ஜூலையில் ஆசிரியர்கள் இணையவழி வகுப்பை நிறுத்தினார்கள். 1997இல் இருந்து 24 வருஷமாக இழுபட்ட சம்பள முரண்பாடுதான் காரணம். அதுவரைக்கும் டேட்டாவும் போனும் அவங்கட சொந்தச் செலவு. தொழிற்சங்கத் தலைவர் ஜோசப் ஸ்டாலினை ஒரு ஆர்ப்பாட்டத்தில் கைது செய்து, தனிமைப்படுத்தல் என்ற பெயரில் முல்லைத்தீவுக்குக் கொண்டுபோனார்கள். நேற்றுவரை இறைவனாக இருந்தவர்கள் ஒரே இரவில் பிள்ளைகளின் எதிரிகள் ஆனார்கள். ஒக்டோபர் வரை நின்று பிடித்த பிறகுதான், அடுத்த வருஷ பட்ஜெட்டில் 30 பில்லியன் ரூபாய் ஒதுக்கப்பட்டது. பூச்செண்டு 24 வருஷமாகச் செய்யாததை ஒரு போராட்டம் சில மாதத்தில் செய்தது.

காசு மட்டுமா? 2022இல் அரச ஊழியர்களுக்கு வசதியான உடை போடலாம் என்று சுற்றறிக்கை வந்தது. சில டீச்சர்மார் சாரி இல்லாமல் பள்ளிக்குப் போனார்கள். கல்வி அமைச்சு சாரிதான் என்று நின்றது. பாலாவிச் சந்தியில் பஸ் ஏறி, நுரைச்சோலை தாண்டி, கற்பிட்டி வரை கடல் காத்தில சாரியைப் பிடிச்சுக்கொண்டு நின்றபடி போறவங்களைக் கேட்டுப் பாருங்கள், அது பண்பாடா பாரமா என்று.

இது அடுத்தவர் பிரச்சினையும் இல்லை. கலைப்பீடத்தில் படிக்கிற எங்களில் எத்தனையோ பேர் நாளைக்கு உடப்பிலோ முந்தலிலோ சோக்கட்டி பிடிக்கப் போகிறவர்கள்தான். இன்றைக்கு அவங்களுக்கு இல்லாத நேரம் நாளைக்கு எங்களுக்கும் இல்லை.

ஆகவே வாசிக்கிற உங்களிட்ட கேட்கிறது இவ்வளவுதான். இரவு பத்து மணிக்கு டீச்சருக்கு வட்ஸ்அப் போடாதீர்கள். அர்ப்பணிப்பு என்று யாராவது மைக்கில் தொடங்கினால், சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். அடுத்த முறை அவர்கள் வீதிக்கு இறங்கும்போது, ஒக்டோபர் 6க்கு வாங்கிற பூச்செண்டை விட்டுட்டு பக்கத்தில் போய் நில்லுங்கள்.