வாய்பாடும் விளையாட்டும்

"ஏழெட்டு எவ்வளவு?" என்றதும் விழிக்கும் தம்பி தங்கையர் நம் வீடுகளில் பலர் உண்டு. அவர்களுக்கென்று இன்று விளையாட்டுகளுக்குப் பஞ்சமில்லை. 2022 ஜூனில் நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் ஆடிப்பாடிக் கற்கும் வழியையே அரசுப் பள்ளிகளுக்குக் காட்டியது. ஆகவே விளையாட்டு நல்லதே. ஆனால் எந்த விளையாட்டு?

முதலில் ஒரு கணக்கு. பத்தாம் வாய்பாடு வரை நூறு பெருக்கல்கள். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து ஆகியவை எளியவை. ஆறேழும் ஏழாறும் ஒன்றே. இவற்றைக் கழித்தால் மிஞ்சுபவை 21 மட்டுமே! இந்த 21-ஐப் பழக்கும் விளையாட்டே நமக்குத் தேவை.

பரமபதத்தில் கூட்டல்தான் உண்டு. பல்லாங்குழியின் 14 குழிகளில் ஐந்தைந்தாக இட்டால் எழுபது. நான்கு சேர்ந்தால் பசு. கூட்டம் கூட்டமாக எண்ணும் பழக்கம் வரும்; வாய்பாடு பதிய அது போதாது. இரண்டு பகடைகளை உருட்டிப் பெருக்கினால் ஆறுக்கு மேல் எண் வராது. கடினமான ஏழும் எட்டும் ஒன்பதும் தப்பிவிடும். கைப்பேசி விளையாட்டுகள் பலவற்றில் நான்கு விடைகளுள் ஒன்றைத் தொட்டால் போதும், ஊகித்தே வெல்லலாம். கடிகாரமும் ஓடினால், நிதானமாகச் சிந்திக்கும் பிள்ளை மிரண்டுவிடும்.

எங்கள் சிபாரிசு இதுதான். பழைய காலண்டர் அட்டையை 32 துண்டுகளாக வெட்டி, 2 முதல் 9 வரை ஒவ்வோர் எண்ணையும் நான்கு முறை எழுதுங்கள். இருவர் ஆளுக்கு இரண்டு அட்டை எடுத்துப் பெருக்கிச் சொல்ல வேண்டும். பெரிய விடைக்கு நான்கு அட்டையும் சொந்தம். சந்தேகம் வந்தால் கட்டம் போட்ட நோட்டில் ஆறுக்கு ஏழு என்று செவ்வகம் வரைந்து எண்ணலாம். பிள்ளை தன் தவற்றைத் தானே திருத்திக்கொள்ளும். அதிர்ஷ்டமும் கலந்திருப்பதால் மெதுவான பிள்ளையும் வெல்லும்.

இது அற்ப விஷயமன்று. பத்தாம் வகுப்பில் காரணிப்படுத்தும்போது எங்களுள் சிலரைத் தடுக்கி விழச்செய்வது ஏழாம் வாய்பாடே. "எனக்குக் கணக்கு வராது" என்று எட்டு வயதில் முடிவுகட்டும் பிள்ளை, அதைப் பதினைந்து வயதிலும் சுமக்கிறது.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆவடித் தொழிற்சாலைகளிலும் ஷிப்ட் முடித்து வரும் பெற்றோர் களைத்திருப்பது எங்களுக்குத் தெரியும். அவர்கள் உணவுக்குப்பின் பத்து நிமிடம் தந்தால் போதும். அவர்களால் இயலாத நாளில் அக்காமார் நாம் இருக்கிறோம் அல்லவா, தோழியரே?

— பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில்