காசு மாறாதாம், கணக்கு மட்டும்தான் மாறுமாம்

காலாண்டு முடிவுகள் வரும் மாதங்களில் வணிகச் சேனலைப் போட்டால் ஒரு வாசகம் தப்பாமல் காதில் விழும்: "இது வெறும் கணக்கு மாற்றம், கம்பெனியின் காசில் ஒரு பைசாகூட மாறவில்லை." குத்தகைகளுக்கான இந்தியக் கணக்கியல் தரநிலையான இண்ட் ஏஎஸ் 116, 2019 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து நிதி அதிகாரிகளும் அனலிஸ்ட்டுகளும் இதையே ஓதுகிறார்கள். அதுவும் லாபம் குறைந்தால் மட்டும். எபிட்டா ஏறினால் அது 'நிர்வாகத் திறமை' ஆகிவிடும்.

அந்தத் திறமையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். ஒரு ஜவுளி நிறுவனம் ஐந்து வருடக் குத்தகைக்குக் கடை எடுக்கிறது. ஒவ்வொரு வருட முடிவிலும் 12 லட்சம் வாடகை. பழைய முறையில் வருடம் 12 லட்சம் செலவு, கதை முடிந்தது. புதிய முறையில், 10 சதவீத வட்டியில் கணக்கிட்டால், முதல் நாளே சுமார் 45.5 லட்சம் கடனாகவும் அதே தொகை சொத்தாகவும் பேலன்ஸ் ஷீட்டில் ஏறும். வாடகை என்ற செலவே லாப நட்டக் கணக்கிலிருந்து காணாமல் போகும். அதன் இடத்தில் வருடம் 9.1 லட்சம் தேய்மானம், முதல் வருடம் 4.55 லட்சம் வட்டி. வட்டியும் வரியும் தேய்மானமும் கழிப்பதற்கு முந்தைய லாபம்தானே எபிட்டா? அது 12 லட்சம் கூடிவிட்டது. கூடுதலாக ஒரு வேட்டிகூட விற்கவில்லை. வரிக்கு முந்தைய லாபமோ முதல் வருடம் 1.65 லட்சம் குறைகிறது. கடைசி வருடம் செலவு 10.2 லட்சத்துக்கு இறங்கும். ஐந்து வருடமும் சேர்த்தால் அதே 60 லட்சம்தான்.

"பார்த்தீர்களா, மொத்தம் மாறவில்லையே!" என்பார்கள். ரொக்க ஓட்ட அறிக்கையை அவர்கள் திறந்தே பார்த்ததில்லை போலும். முன்பு தொழில் நடவடிக்கைகளின் கீழ் வெளியேறிய வாடகை, இப்போது நிதி நடவடிக்கைகளின் கீழ் கடன் தவணையாக வெளியேறுகிறது. 'தொழிலிலிருந்து வந்த ரொக்கம்' அந்த அளவுக்குக் கூடித் தெரியும். காசு மாறவில்லையாம், காசைக் காட்டும் அறிக்கையே மாறிக் கிடக்கிறது.

இன்டிகோ விமான நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஜூலை–செப்டம்பர் காலாண்டில் 1,062 கோடி ரூபாய் நட்டம் காட்டியது. அதில் 428 கோடி, விமானக் குத்தகைக் கடனை ரூபாய் சரிந்த விலையில் மறுமதிப்பிட்டதால் வந்தது. உடனே 'நோஷனல் நட்டம்' என்று ஆறுதல் சொல்ல ஒரு கூட்டம் கிளம்பியது. டாலரில் எழுதிய வாடகையை ரூபாயிலேயே வாங்கிக்கொள்கிறோம் என்று விமானத்தின் சொந்தக்காரர்கள் யாராவது கடிதம் கொடுத்தார்களா? ரூபாய் சரிந்த நிலையிலேயே இருந்தால், வரும் ஒவ்வொரு வாடகைக்கும் கூடுதல் ரூபாய் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்தச் சுமை முன்பும் இருந்தது. பேலன்ஸ் ஷீட்டுக்கு வெளியே ஒளிந்திருந்தது. ஏர்லைன் பேலன்ஸ் ஷீட்டில் இருக்கும் விமானத்தில் ஒருநாளாவது பறக்க ஆசை என்று சர்வதேசக் கணக்கியல் தரநிலை வாரியத்தின் முன்னாள் தலைவர் டேவிட் ட்வீடி கிண்டலடித்தது இதைத்தான்.

லாப எண்ணைப் பிடித்துத் தொங்குபவை வேறு பல. மேட் எனும் குறைந்தபட்ச மாற்று வரி புத்தக லாபத்தின் மேல் விழுகிறது. கம்பெனிகள் சட்டத்தின்படி டிவிடெண்டும், 2 சதவீத சமூகப் பொறுப்புச் செலவும், நிர்வாக இயக்குநர்களின் சம்பள உச்சவரம்பும் லாபத்தைப் பார்த்தே முடிவாகின்றன. வங்கியின் கடன் ஒப்பந்தத்தில் கடன்–மூலதன விகிதத்துக்கு வரம்பு இருந்தால், அந்த 45 லட்சம் அதையும் தொடும். இவையெல்லாம் காசு இல்லையா?

'உலகத்தரம், எந்த நாட்டுக் கம்பெனியோடும் ஒப்பிடலாம்' என்ற வாதத்துக்கு ஒரு வரி போதும்: அமெரிக்கத் தரநிலையில் சாதாரணக் குத்தகை வாடகை இன்றும் ஒரே செலவாகத்தான் நிற்கிறது.

உண்மையிலேயே வெறும் காகித வேலை என்றால் வங்கிகளுக்கு ஏன் இத்தனை தயக்கம்? இண்ட் ஏஎஸ்ஸை வங்கிகளுக்கு 2018-இல் ஒரு வருடம் தள்ளிவைத்த ரிசர்வ் வங்கி, 2019 மார்ச்சில் காலவரையின்றி ஒத்திப்போட்டது. சட்டத் திருத்தம் பாக்கி என்றது. இருக்கட்டும். அதே இண்ட் ஏஎஸ் பாணியில், வாராக்கடன் ஆவதற்கு முன்பே நட்டத்தை எதிர்பார்த்து ஒதுக்கும் முறைக்கு 2025 அக்டோபரில் வரைவு வெளியிட்டபோது, 2027 ஏப்ரலில் தொடங்கி, முதல் அடியின் சுமையை 2031 மார்ச் வரை பரப்பிக்கொள்ளவும் அதில் வழி வைத்தது. காகிதத்துக்கு யாரும் நான்கு வருடத் தவணை கேட்பதில்லை.

அடுத்த முறை 'எபிட்டா அபார வளர்ச்சி' என்ற தலைப்பைப் பார்த்தால், ஆண்டறிக்கையின் பின்பக்கம் போங்கள். குத்தகைக் கடன் எவ்வளவு, நிதி நடவடிக்கைகளின் கீழ் குத்தகைக்குக் கட்டியது எவ்வளவு என்று பாருங்கள். அந்தத் தொகையை எபிட்டாவிலிருந்து நீங்களே கழித்துவிட்டு, அதன் பிறகு பங்கு வாங்குவதைப் பற்றி யோசியுங்கள்.