சிறிய எஞ்சினும் கூடுதல் குதிரைத்திறனும்

நம் சகோதரியின் மகன் புனே நகரில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரிகிறான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் கார் ஒன்றை ஐந்தாண்டுக் கடனில் வாங்கினான். கடன் பத்திரத்தில் பிணையாளர் கையொப்பம் நம்முடையது. சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, முப்பதாயிரம் ரூபாய் செலவழித்தால் என் காரின் 115 குதிரைத்திறனை 140 ஆக்கிவிடலாம் என்கிறார்கள். சில மணி நேர வேலைதான். செய்யட்டுமா?" என்றான்.

இக்கேள்வியை நகைத்து ஒதுக்குவது எளிது. நாம் அவ்வாறு செய்யவில்லை. அவன் வாதத்தில் பொருள் இருந்தது. இன்று கார் கடன் வாங்கும் இளைஞர் பலரின் உள்ளத்திலும் இதே ஆசை இருப்பதால், நம் கருத்தை வாசகர்கள் முன் வைக்கிறோம்.

நம் நாட்டில் சிறிய டர்போ எஞ்சின்கள் பெருகியதற்கு வரியும் ஒரு காரணம். நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும், 1200 சி.சி.க்கு மிகாத பெட்ரோல் எஞ்சினும் கொண்ட கார்களுக்கு வரி குறைவு. 2025 செப்டம்பர் 22 முதல் அவற்றுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 18 சதவீதம். பெரிய கார்களுக்கு 40 சதவீதம். எஞ்சினைச் சிறிதாக வைத்துக்கொண்டே ஆற்றலைப் பெருக்க டர்போ உதவுகிறது. வெளியேறும் புகையின் விசையால் ஒரு சுழலி சுழன்று, கூடுதல் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. எவ்வளவு காற்று, எவ்வளவு பெட்ரோல், எந்தக் கணத்தில் தீப்பொறி என்பவற்றை 'இ.சி.யு.' எனப்படும் சிறு கணினி முடிவு செய்கிறது. அதன் கணக்கை மாற்றி எழுதுவதே 'ரீமேப்' அல்லது டியூனிங்.

மருமகனின் வாதம் இதுதான்: "ஹூண்டாயின் ஒரு லிட்டர் டர்போ எஞ்சின் ஐ10 நியோஸில் 100 குதிரைத்திறன் தந்தது, வென்யூவில் 120 தருகிறது. அப்படியானால் எஞ்சினுக்குள் திறன் ஒளிந்திருக்கிறது என்றுதானே பொருள்?" உண்மைதான். டர்போ இல்லாத எஞ்சினில் ரீமேப் செய்து பெறுவது சொற்பம். டர்போ எஞ்சினிலோ காற்றழுத்தத்தைச் சற்று உயர்த்தினாலே வேறுபாடு காலடியில் தெரியும். இதை மறுப்பது நேர்மையாகாது.

ஆயினும், தொழிற்சாலை விட்டுவைத்த அந்த இடைவெளி எதற்காக என்பதையும் கேட்க வேண்டும். ராஜஸ்தானத்துக் கோடை வெயில், மும்பையின் நெரிசல், லோனாவலா மலையேற்றம், எந்தப் பங்கில் நிரப்பினாலும் கிடைக்கும் பெட்ரோல் ஆகிய அனைத்தையும் ஒரே எஞ்சின் பல ஆண்டுகள் தாங்க வேண்டும். காற்றழுத்தம் கூடினால் வெப்பம் கூடும். வெப்பம் கூடினால் எரிபொருள் கலவை உரிய கணத்துக்கு முன்பே தானாகப் பற்றி வெடிக்கக்கூடும். சிறிய எஞ்சின் குறைந்த வேகத்தில் பெருஞ்சுமை இழுக்கும்போது இந்த அபாயம் மிகுதி, பிஸ்டனே உடையலாம். இந்த இடைவெளியை வங்கியின் மொழியில் கையிருப்பு என்போம். கையிருப்பு முழுவதையும் கடனாகக் கொடுத்துவிடும் வங்கியை எவரும் திறமையான வங்கி எனச் சொல்வதில்லை.

எஞ்சின் தாங்கினாலும் கிளட்சும் கியர்பெட்டியும் தாங்குமா என்பது தனிக் கேள்வி. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஏழு கியர் உலர் இரட்டைக் கிளட்ச் பெட்டி 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்கென வடிவமைக்கப்பட்டது. இங்கு அதனுடன் வரும் 1.5 லிட்டர் டர்போ எஞ்சினோ தொழிற்சாலையிலிருந்தே 250 தருகிறது. அதற்கு மேல் ஏற்றுவது எல்லைக்கு அப்பால் வைக்கும் காலடி.

இனிப் பணக் கணக்கு. மைலேஜ் கூடும் என்றும் சிலர் சொல்வர். அதை அப்படியே ஏற்போம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் கார், லிட்டருக்கு 15 கிலோமீட்டருக்குப் பதில் 16 தருவதாகக் கொண்டால், மாதம் மிச்சமாவது நான்கு லிட்டருக்குச் சற்று மேல். லிட்டர் 100 ரூபாய் என்றால் சுமார் 417 ரூபாய். முப்பதாயிரம் திரும்பிவர ஆறு ஆண்டுகள் ஆகும்; அதற்குள் கடன் தவணையே முடிந்துவிடும். அதே தொகையை 7 சதவீத வட்டியில் ஐந்தாண்டு வைப்பாக இட்டால் ஏறத்தாழ 42,400 ரூபாயாகும். கூடுதல் வேகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எவரும் மிச்சம் பிடித்து ஓட்டுவதில்லை என்பதையும் சொல்லத் தேவையில்லை.

பணத்தைவிடக் கனமானது சட்டம். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும் வண்ணம் வாகனத்தை மாற்றக் கூடாது. அவ்விவரங்களுள் குதிரைத்திறனும் ஒன்று. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இப்பிரிவை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் சட்டத்திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழி செய்தது. மென்பொருள் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது என்பது ஆறுதலாகாது. பெரும் பழுது நேரும்போது சர்வீஸ் சென்டரின் கருவி அதைக் கண்டுகொள்ளலாம். வாரண்டி அங்கேயே கைநழுவும். விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனம், தனக்குத் தெரிவிக்கப்படாத மாற்றம் என்று இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. அவ்வாறு நேர்ந்தால் கார் போகும், தவணை நிற்காது. அடமானத்தில் உள்ள வாகனத்தை வங்கியின் ஒப்புதலின்றி மாற்றுவது ஒப்பந்தத்துக்கும் முரணாகலாம். பிணையாளர் என்ற முறையில் நம் உறக்கம் கெட்டது இந்த இடத்தில்தான்.

எனவே நம் கருத்து தெளிவானது. கடனும் வாரண்டியும் நிலுவையில் உள்ள, அன்றாடம் குடும்பத்தோடு செல்லும் காருக்கு ரீமேப் தகுந்த செலவன்று. வேகம் வேண்டுவோர் வாங்கும் முன்பே இரு எஞ்சின்களையும் ஓட்டிப் பார்த்து, ஆற்றல் மிகுந்ததையே தேர்வது நன்று. அதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் ஆர்.சி.யிலும் காப்பீட்டிலும் வாரண்டியிலும் இடம்பெறும். காரை விற்கும்போதும் ஒரு பகுதி திரும்பும். ஏற்கெனவே வாங்கியவர்கள் நல்ல டயர், சரியான காற்றழுத்தம், உரிய காலத்தில் உரிய தரமுள்ள ஆயில், புதிய ஸ்பார்க் பிளக், தூய ஏர் ஃபில்டர் ஆகியவற்றை முதலில் கவனிக்கட்டும். மந்தமாகிவிட்டதாக நினைத்த கார் பல வேளைகளில் இவற்றாலேயே பழைய பிக்கப்பைத் திரும்பப் பெறுகிறது. போட்டி ஓட்டத்தில் உண்மையான நாட்டமுடையோருக்குக் கோவை கரி, சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை போன்ற பந்தயத் தளங்கள் உள்ளன. அவற்றுக்கெனத் தனி வாகனம் வைத்துக்கொள்வதே முறை.

இவற்றையெல்லாம் மருமகனிடம் சொன்னோம். சிறிது நேரம் அமைதியாக இருந்தவன், "சரி மாமா, கடன் முடிந்தபின் செய்யலாமா?" என்றான். கடன் முடிந்தால் நம் கையொப்பம் விடுபடும். 52-ஆம் பிரிவு விடுபடாது என்றோம். முப்பதாயிரத்தில் நான்கு புதிய டயர்களை வாங்கிக்கொண்டு, மீதியைத் தன் கணக்கில் இட்டிருப்பதாக இந்த வாரம் செய்தி அனுப்பியிருக்கிறான்.