திகில் காதில் தொடங்குகிறது

1954 ஏப்ரலில் வெளியான 'அந்த நாள்' படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதில் பாட்டே இல்லை என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். பாட்டுக்காகவே ஜனங்கள் கொட்டகைக்கு வந்த காலத்தில் ஏவி.எம். அப்படி ஒரு படம் எடுத்தது பெரிய துணிச்சல்தான். இயக்கிய எஸ். பாலசந்தர் ஒரு வீணை வித்வான் என்பதை நினைத்தால் ஆச்சரியம் இன்னும் கூடும். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது அதன் தொடக்கம். துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி கணேசன் குண்டு பட்டுச் சரிகிறார், சுட்டவரைக் கேமரா காட்டவில்லை. கதாநாயகன் எப்போது வருவான் என்று காத்திருக்கும் கூட்டத்துக்கு அவன் சாவையே முதல் காட்சியாக வைத்திருக்கிறார்கள். கதை நடப்பது 1943 அக்டோபரில், சென்னை மீது ஜப்பான் விமானம் குண்டு போட்ட சமயம். வெடிச்சத்தத்துக்குப் பயந்து கிடந்த ஊரில் இன்னொரு வெடிச்சத்தம் கேட்கிறது. அது எங்கிருந்து வந்தது, யார் கையிலிருந்து வந்தது என்பதைத் தேடுவதுதான் மிச்சப் படம் முழுவதும்.

திகில் படத்தின் முதல் ஐந்து நிமிடங்கள் கண்ணைவிடக் காதை நம்பி எடுக்கப்பட வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம். திரைக்கு நான்கு ஓரங்கள் உண்டு. கேமரா எதைக் காட்டினாலும் அந்த நான்கு ஓரங்களுக்குள்தான் காட்ட முடியும். சத்தத்துக்கு அந்த எல்லை கிடையாது. திரைக்கு வெளியே ஒருவன் நிற்கிறான் என்பதைக் காட்டாமலே சொல்ல சத்தத்தால்தான் முடியும். பயம் என்பதே கண்ணுக்கு எட்டாத அந்த இடத்தைப் பற்றியதுதானே.

பேசும் படம் வந்த புதிதிலேயே ஒருவர் இதைப் புரிந்துகொண்டிருந்தார். ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் 1931இல் எடுத்த 'எம்' படத்தில் குழந்தைகளைக் கொல்கிறவன் ஊருக்குள் திரிகிறான். தொடக்கத்தில் குழந்தைகள் வட்டமாக நின்று அவனைப் பற்றியே ஒரு விளையாட்டுப் பாட்டுப் பாடுகிறார்கள். மேலேயிருந்து கேமரா பார்க்கிறது. வீட்டில் ஒரு தாய் பள்ளி விட்டு வரும் மகளுக்குச் சாப்பாடு எடுத்து வைக்கிறாள். தெருவில் அந்தச் சிறுமி பந்தை எறிந்து விளையாடிக்கொண்டிருக்க, அவள் எதிரே ஒரு நிழல் விழுகிறது. அதன்பின் தாய் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல் மட்டும்தான். அந்தக் குரலின் மேல் ஆளில்லாத படிக்கட்டு, ஆளில்லாத மாடி, யாரும் தொடாத தட்டு என்று ஒவ்வொரு ஷாட்டாக வைக்கிறார் லாங். கடைசியில் பந்து உருண்டு வந்து நிற்கிறது, பலூன் கம்பியில் சிக்குகிறது. ஒரு துளி ரத்தம் இல்லை. கூப்பிட்ட குரலுக்குப் பதில் வராததே கொலையைச் சொல்லிவிடுகிறது. படத்தொகுப்பு என்றால் வேகமாக வெட்டுவது என்று நினைக்கிற இளைஞர்கள் இந்தச் சில நிமிடங்களை மட்டுமாவது பார்க்க வேண்டும்.

படம் ஒன்று, ஒலி இரண்டு என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஆர்சன் வெல்ஸின் 'டச் ஆஃப் ஈவில்' 1958இல் வந்தது. ஒருவன் நேரம் குறித்த வெடிகுண்டைக் காரின் டிக்கியில் வைக்கிறான். எல்லைப்புற ஊரின் தெருக்களில் கார் ஊர்ந்து போக, கிரேனில் ஏறிய கேமரா மூன்று நிமிடத்துக்கும் மேல் ஒரு வெட்டுகூட இல்லாமல் கூடவே போகிறது. படக் கம்பெனி இதன் மேல் டைட்டிலை ஓட்டி ஹென்றி மான்சினியின் இசையைப் போட்டது. வெல்ஸ் நினைத்தது வேறு. அவர் எழுதி வைத்த நீண்ட குறிப்பைக் கொண்டு 1998இல் வால்டர் மர்ச் படத்தை மறுபடி தொகுத்தார். டைட்டிலையும் அந்த இசையையும் எடுத்துவிட்டு, தெருவோரக் கடைகளின் பாட்டு, காருக்குள் பாடும் ரேடியோ, ஜனங்களின் பேச்சு இவற்றை மட்டும் வைத்தார். கார் நெருங்கும்போது அதன் ரேடியோ பெரிதாகிறது, விலகும்போது சிறிதாகிறது. முதல் வடிவத்தில் இசை நமக்குப் பதிலாகப் பயப்படுகிறது. இரண்டாவதில் குண்டு எங்கே இருக்கிறது என்று நாமே காதைத் தீட்டிக்கொண்டு தேடுகிறோம்.

அடுத்து நடக்கப் போவது தெரியாமல் இருந்தால்தான் திகில் என்பதும் தவறான எண்ணம். எங்கள் திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு மலை மேல் தீபம் ஏறும் என்பது லட்சக்கணக்கான பேருக்குத் தெரியும். அர்த்தநாரீஸ்வரர் சில நிமிடங்களே வெளியே வந்து தரிசனம் தருவார் என்பதும் தெரியும். தெரிந்தும் 2,668 அடி உயர மலையின் உச்சியைப் பார்த்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். குறித்த நேரமும் காத்திருப்பும் சேர்ந்தால் போதும், மனசு தானாகவே முறுக்கேறும். வெல்ஸின் குண்டும் அப்படித்தான் வேலை செய்கிறது.

இன்றைய தமிழ்த் திகில் படங்கள் பலவற்றில் தொடக்கம் எப்படி இருக்கிறது? மழை, கையுறை, கத்தி, ஒரு ஷூ, ஒரு அலறல். ஒவ்வொன்றும் ஒரு விநாடிகூட நிற்பதில்லை. எல்லாவற்றின் மேலும் நெஞ்சுக்கூட்டை அதிர வைக்கும் இசை. கண்ணுக்குக் கேள்வி கேட்க நேரமில்லை, காதுக்கு இடமில்லை. ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் நம் ஆட்களுக்குக் கைவந்த கலை. 'ஆரண்ய காண்டம்' படத்தொகுப்புக்குத் தேசிய விருதே வாங்கியது. குறை, ஒலிக்கு இடம் விடாததில் இருக்கிறது.

இதற்கு நியாயமான மறுப்புகள் உண்டு. மிஷ்கினின் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' (2013) படத்திலும் பாட்டு கிடையாது, ஆனால் இளையராஜாவின் இசைதானே அதைத் தூக்கி நிறுத்துகிறது என்று கேட்கலாம். உண்மை. குண்டடி பட்டு நடுராத்திரியில் ரோட்டில் கிடக்கும் ஒருவனை ஒரு மருத்துவ மாணவன் காப்பாற்றுவதில் தொடங்கும் படம் அது. அங்கே இசை பயப்படச் சொல்வதில்லை, இரக்கப்படச் சொல்கிறது. படத்தில் இன்னொரு குரலாக நிற்கிறது. அப்படிச் சொல்வதற்கு ஒன்று இருக்கிற இசையை நான் மறுக்கவில்லை, இடத்தை அடைத்துக்கொள்கிற இசையைத்தான் மறுக்கிறேன். நம் கொட்டகைகளில் முதல் பத்து நிமிடம் விசிலும் இருக்கை தேடுகிறவர்களின் செல்போன் வெளிச்சமுமாக இருக்கும், மெல்லிய சத்தம் யார் காதில் விழும் என்பது அடுத்த மறுப்பு. இரைச்சலை இரைச்சலால் அடக்க முயன்றால் இரண்டும் சேர்ந்து ஏறும். எதிர்பாராமல் விழும் மௌனத்துக்குத்தான் கூட்டம் அடங்கும். செல்போனில் பார்க்கிறவர்களைச் சொன்னால், அந்தச் சின்ன ஸ்பீக்கரில் ஐம்பது அடுக்கு ஒலி வெறும் கரகரப்பாகத்தான் வரும். ஒரே ஒரு கதவுச் சத்தம் தெளிவாக வரும்.

'அந்த நாள்' வசூலில் பெரிதாக ஓடவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழ் பெற்ற அந்தப் படத்தை எழுபது வருஷம் கழித்தும் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதும் உண்மை. திகில் படம் எடுக்கக் கிளம்பும் இயக்குநர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இசையமைப்பாளரிடம் போவதற்கு முன்னால், உங்கள் முதல் ஐந்து நிமிடத்தை இசையே இல்லாமல் ஒலிப்பதிவாளரிடம் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் பயமாக இருந்தால் மட்டும் அதன் மேல் இசை சேருங்கள்.