ஜாடை புரியாதவர்களின் நட்பும் காதலும்

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குக் காதல், கல்யாணம் என்ற நினைப்பெல்லாம் வராது என்பது நம் வீடுகளில் பலருக்குச் சௌகரியமாக இருக்கும் நம்பிக்கை. பெரும்பாலோருக்கு வரும். மற்றவர்களுக்கு வருகிற வயதில்தான் வரும். அந்த வயதில், எது நட்பு, எது அதற்கு மேல் என்று சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இருப்பதில்லை.

ஆஸ்பெர்கர் என்று அடையாளம் காணப்பட்டவர்களுக்கு இது கூடுதல் சிக்கல். வியன்னா மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944இல் விவரித்த நிலையை, பிரிட்டிஷ் மனநல மருத்துவர் லோர்னா விங் 1981இல் அவர் பெயரிலேயே பரவலாக்கினார். 2013இல் வந்த அமெரிக்க மனநலக் கையேடு அதைத் தனியாக வைக்காமல் ஆட்டிசத்துக்குள் சேர்த்துவிட்டது. (ஆஸ்பெர்கர் நாஜிகளோடு ஒத்துழைத்த விவரம் 2018இல் விரிவாக வெளிவந்த பிறகு, அந்தப் பெயரே வேண்டாம் என்பவர்களும் உண்டு.) பெயர் எதுவானாலும், இவர்களில் பலர் நன்றாகப் பேசுவார்கள், பட்டம் வாங்குவார்கள், வேலைக்குப் போவார்கள். அதனாலேயே, சொல்லாமல் விட்டதும் இவர்களுக்குப் புரிந்திருக்கும் என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒரு ஐடி அலுவலகத்தில் நடக்கக்கூடியதை யோசித்துப் பாருங்கள். கேன்டீனில் தினமும் சேர்ந்து டீ குடிக்கிற தோழியிடம் அவன் கேட்கிறான்: “சனிக்கிழமை படத்துக்குப் போகலாமா?” அவள் சொல்கிறாள்: “இந்த வாரம் கொஞ்சம் வேலை இருக்கு, பார்க்கலாம்.” அடுத்த வாரம் அவன் வாட்ஸ்அப்பில் கேட்கிறான்: “இந்த வாரம் வேலை இருக்கா?” அதற்கு அடுத்த வாரமும் கேட்கிறான். அவனைப் பொறுத்தவரை அவள் மறுக்கவே இல்லை; வேலை இருக்கிறது என்றாள், அவ்வளவுதான். அவள் பதில்கள் “ம்ம்” என்று சுருங்குகின்றன. “அண்ணா” என்று கூப்பிட்டுப் பார்க்கிறாள். “நான் உங்களைவிட மூன்று மாதம் சின்னவன்” என்று அவன் திருத்துகிறான். ஒரு மாதத்தில் புகார் மனிதவளத் துறைக்குப் போகிறது. அவனுக்கு எந்த இடத்தில் என்ன தப்பானது என்று தெரியவில்லை. அவளோ, இத்தனை முறை சொல்லியும் கேட்கவில்லையே என்று பயந்துபோயிருக்கிறாள்.

இவனுக்கு மனிதர்களைப் புரியவில்லை என்று தீர்ப்பு எழுதுவது எளிது. அதில் பாதிதான் உண்மை. பிரிட்டனைச் சேர்ந்த, தாமே ஆட்டிசம் உள்ள ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் சொன்னது இது: புரிதல் அறுந்துபோவது இரண்டு பக்கமும்தான். மேலும், ஜாடை படிப்பதில் மற்றவர்களும் கெட்டிக்காரர்கள் அல்ல. கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் குழு, முன்பின் தெரியாத ஆண் பெண் ஜோடிகளைப் பேசவிட்டு, எதிரில் இருந்தவர் காதல் நோக்கோடு பேசினாரா என்று பிறகு கேட்டது. எதிரில் இருப்பவர் உண்மையிலேயே காதல் நோக்கோடு பேசியபோது அதைக் கண்டுகொண்ட ஆண்கள் 36 சதவீதம், பெண்கள் 18 சதவீதம்.

அப்படியென்றால் மற்றவர்கள் எப்படித் தப்பிக்கிறார்கள்? நண்பர்களால். “டேய், அவ உன்னை ஃப்ரெண்டாத்தான் பாக்குறா, விடு” என்று ஹாஸ்டல் அறையில் ஒருவன் சொல்லிவிடுவான். ஆஸ்திரேலியாவில் மார்க் ஸ்டோக்ஸ் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் தொட்டது. ஆட்டிசம் உள்ளவர்கள் இந்த விஷயங்களைச் சகவயதினரிடமிருந்து மிகக் குறைவாகக் கற்கிறார்கள்; விருப்பம் இல்லாதவரை நெடுநாள் தொடர்ந்துவிடவும் செய்கிறார்கள். பெற்றோர் சொன்னதை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான், ஆனாலும் காரணம் எங்கே என்று காட்டுகிறது. நண்பர்கள் இல்லாதவன் பாடத்தை வேறெங்கே படிப்பான்? சினிமாவில். அங்கே கதாநாயகி முறைத்தால், நாயகன் மறுநாள் அவளுடைய பேருந்து நிறுத்தத்தில் நிற்க வேண்டும். சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிறவனுக்கு இதைவிட ஆபத்தான பாடநூல் கிடையாது.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 2013இல் குற்றமாக்கப்பட்ட பின்தொடர்தல், இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆவது பிரிவு. பெண் தன் விருப்பமின்மையைத் தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்புகொண்டால், முதல் முறைக்கே மூன்றாண்டு வரை சிறை. மருத்துவச் சான்றிதழ் அந்தப் பெண்ணின் பயத்தைக் குறைத்துவிடாது. அவள் ஏன் நேராக ‘முடியாது’ என்று சொல்லவில்லை என்று கேட்பவர்கள், 2022 அக்டோபரில் பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவி, விலகிப்போனதற்காக ரயில் முன் தள்ளிக் கொல்லப்பட்டதை நினைத்துக்கொள்ள வேண்டும். நம் பெண்கள் மழுப்பிப் பேசுவது பழக்கத்தால் மட்டும் அல்ல, பாதுகாப்புக்காகவும்தான். ஆகவே ‘பெண்கள் வெளிப்படையாகப் பேசட்டும்’ என்று பொறுப்பை அவர்கள் பக்கம் தள்ளுவதை என்னால் ஏற்க முடியாது.

ஆஸ்பெர்கர் உள்ள பெண்ணுக்கு நடப்பது தலைகீழ். அவள் ஒரு விஷயத்தில் ஆர்வம் வந்து மணிக்கணக்கில் பேசினால், எதிரில் இருப்பவன் அதைக் காதல் என்று எடுத்துக்கொள்கிறான். அவன் நோக்கம் மாறியது அவளுக்குக் கடைசியில்தான் தெரிகிறது. அப்போது ஊர் அவளையே குற்றம் சொல்கிறது.

கற்றுக்கொடுக்க முடியாத விஷயம் அல்ல இது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் எலிசபெத் லாகெசன் உருவாக்கிய ‘பீர்ஸ்’ பயிற்சியில், பதில் வராமல் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் தொடர்புகொள்ளாதே என்பது ஒரு விதி. நமக்கு ஏற்ற விதிகளை நாமும் சொல்லலாம். வேலை இருக்கிறது என்று சொல்லி வேறு நாளும் சொல்லவில்லை என்றால் அது மறுப்பு. ‘வீட்டில் விடமாட்டார்கள்’ என்பதும் மறுப்பு. விருப்பத்தை ஒரு முறை சொல்லலாம், அதில் தப்பில்லை. இரண்டாம் முறை கூடாது. சேர்ந்து டீ குடிப்பது, சேர்ந்து டீ குடிப்பது மட்டும்தான். இதைப் பத்தாம் வகுப்பிலேயே உட்கார வைத்துச் சொல்ல வேண்டிய பெற்றோர், இருபத்தெட்டு வயதில் ‘கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும்’ என்று பெண் பார்க்கக் கிளம்புகிறார்கள். விஷயத்தையே சொல்லாமல் இன்னொரு வீட்டுப் பெண்ணிடம் இந்தப் பொறுப்பை ஒப்படைப்பது மோசடி.

அலுவலகத்திலும் கல்லூரியிலும் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அவன் மறுபடி கேட்கப் போகிறான் என்பது அக்கம்பக்கத்தில் இருக்கும் உங்களுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. அதை வைத்துச் சிரிக்காதீர்கள். “அவங்களுக்கு விருப்பம் இல்லை. இனிமே கேட்காதே. பேசிப் பழகுறதா வேண்டாமான்னு அவங்களே முடிவு பண்ணட்டும்” என்று அவனைத் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். அந்த வேலையை அந்தப் பெண்ணின் தலையில் கட்டாதீர்கள்.